பதினாறே பதினாறு வாக்குகள்!

தலைநகர் இல்லை. விமான நிலையம் இல்லை. கப்பல் வந்து அணையத் துறைமுகம் இல்லை. ஆறு இல்லை, மலை இல்லை. மூன்றே மூன்று பவளத் திட்டுகள். மூன்றையும் சேர்த்தாலும் 12 சதுர கிலோமீட்டருக்கு மேல் போகாது. மக்கள் ஏறத்தாழ 1,500 பேர். பெரிய மில் ஒன்றில் ஷிப்டு விடும் நேரத்தில் வாசலில் திரளும் கூட்டம் இதைவிடப் பெரிது, தோழர்களே!

அந்த நாட்டின் பெயர் டோக்கெலாவு. பசிபிக் மாகடலின் நடுவே, சமோவாவுக்கு வடக்கே சுமார் 500 கிலோமீட்டர் தொலைவில், அடாஃபு, நுக்குநோனு, ஃபக்காவோஃபோ என்று மூன்று தீவுகள். ஆள்வது நியூசிலாந்து.

இந்தச் சின்னஞ்சிறு நாட்டைப் பற்றி இன்று எழுதக் காரணம் உண்டு. விடுதலை கேட்டுச் சிறை சென்றவர்களை நாம் அறிவோம். தூக்குமேடை ஏறியவர்களையும் அறிவோம். இங்கே நடந்தது வேறு. "தன்னாட்சி தருகிறோம், எடுத்துக்கொள்ளுங்கள்" என்றது ஆளுகிற நாடு. ஐக்கிய நாடுகள் மன்றம் பார்வையாளர்களை அனுப்பி வைத்தது. வாக்குப் பெட்டி தீவு தீவாகப் படகில் போயிற்று. முடிவு? ஒருமுறையல்ல, இருமுறை, "இப்போது வேண்டாம்" என்று வந்தது!

"பார்த்தீர்களா? அடிமைக்கு அடிமைத்தனமே சுகம்!" என்று கைகொட்டிச் சிரிப்போர் உண்டு. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நாம் சற்றே சிந்திப்போம்.

அந்த மக்கள் பட்ட பாடு அற்பமானதன்று. 1863-இல் பெரு நாட்டிலிருந்து ஆள்பிடிக்கும் கப்பல்கள் வந்தன. ஏறத்தாழ 250 பேரை வாரிக்கொண்டு போயின. மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் போய்விட்டார்கள்! போனவர்களில் திரும்பியவர் அரிது. 1889-இல் பிரிட்டன் வந்து "பாதுகாப்பு" என்றது. 1916-இல் கில்பர்ட்-எல்லிஸ் தீவுகளோடு சேர்த்து முடித்தது. 1925-இல் நிர்வாகத்தை நியூசிலாந்திடம் ஒப்படைத்தது. 1949 முதல் டோக்கெலாவு நியூசிலாந்தின் ஒரு பகுதியே என்று சட்டம் சொல்லிற்று. வீடு மாற்றும்போது மேசை நாற்காலியைக் கைமாற்றுவதுபோல ஒரு மக்களைக் கைமாற்றினார்கள்!

நான்காவது தீவும் ஒன்று இருந்தது. ஒலோஹெங்கா என்பது அதன் பெயர். 1925-இல் அமெரிக்கா அதைத் தன் சமோவாவோடு சேர்த்துக்கொண்டது. 1980-இல் போட்ட ஒப்பந்தத்தில், அந்தத் தீவின் மீதான உரிமையை டோக்கெலாவு விட்டுக்கொடுத்ததாக எழுதி முடித்தார்கள். நான்கு மூன்றாயிற்று.

மொழியின் கதை என்ன? சொந்த மொழி உண்டு, டோக்கெலாவு மொழி. ஆனால் நெடுங்காலம் கோயிலில் ஒலித்தது சமோவா மொழி, அரசாங்கத்துக்கு ஆங்கிலம். வீட்டிலும் கடற்கரையிலும் மட்டுமே தாய்மொழி தலைநிமிர்ந்து நடந்தது. மொழிக்காகப் போராடிய மரபிலே வந்தவர்களுக்கு இந்த வேதனையை விளக்கத் தேவையில்லை.

இத்தனைக்கும் பிறகு அந்த மக்களிடம் எஞ்சியிருப்பது எது தெரியுமா? ஓர் அரிய செல்வம். அதற்கு "இனாட்டி" என்று பெயர். ஊரார் கூடிப் பிடித்து வந்த மீனைக் கரையிலே குவிப்பார்கள். வீட்டுக்கு எத்தனை தலை என்று எண்ணிப் பங்கு வைப்பார்கள். கடலுக்குப் போக முடியாத கிழவருக்கும் பங்கு, கைம்பெண்ணுக்கும் பங்கு, கைக்குழந்தைக்கும் பங்கு! பொதுவுடைமை பற்றிப் புத்தகம் படித்தவர்களல்லர் அவர்கள். பசி எல்லா வயிற்றுக்கும் ஒன்றே என்பதைக் கடல் அவர்களுக்குக் கற்பித்திருக்கிறது.

ஆட்சிமுறையும் அப்படியே. ஊருக்கு ஊர் பெரியோர் அவை. அதுதான் உண்மையான அதிகாரம். மூன்று ஊர்களின் பேராளர்களும் கூடுவது பொது ஃபோனோ என்னும் மன்றம். மூன்று தீவுத் தலைவர்களும் ஆண்டுக்கு ஒருவராக நாட்டின் தலைமையை ஏற்கிறார்கள். தலைவர் எந்தத் தீவோ, அந்த ஆண்டு தலைமையிடமும் அந்தத் தீவே! நிர்வாக அதிகாரம் 1994-இலும், சட்டமியற்றும் அதிகாரம் 1996-இலும் பொது ஃபோனோவின் கைக்கு வந்தன. ஆனாலும் நியூசிலாந்து நியமிக்கும் நிர்வாகி ஒருவர் இன்னும் இருக்கிறார்.

இனி வாக்கெடுப்புக்கு வருவோம். தன்னாட்சி பெற்று நியூசிலாந்தோடு தோழமை உறவில் நிற்பது என்பதே கேள்வி. குக் தீவுகள் 1965-இலும் நியுவே 1974-இலும் சென்ற வழி அது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்பது விதி. 2006 பிப்ரவரியில் கிடைத்தது 60 விழுக்காடு. போதவில்லை. 2007 அக்டோபரில் மீண்டும் வாக்களித்தார்கள். ஆதரவு 446, எதிர்ப்பு 246. தேவைப்பட்டதோ 462! பதினாறே பதினாறு வாக்குகள் குறைந்தன. சாதாரணத் தேர்தலாக இருந்தால் மாலையும் மேளமும் முழங்கியிருக்கும். இங்கே தோல்வி என்று எழுதினார்கள்.

அந்த 246 பேர் யார்? துரோகிகளா? கோழைகளா? அவர்கள் நின்ற இடத்தில் நின்று பாருங்கள்.

நெஞ்சுவலி வந்தால் சமோவாவுக்குப் போக வேண்டும். கப்பலில் ஒரு நாளுக்கும் மேலான பயணம். அந்தக் கப்பலும் கரைக்கு வராது; பவளப் பாறைக்கு வெளியே நிற்கும். அலைக்கு நடுவே சிறு படகில் போய் ஏற வேண்டும். நிலமோ கடலுக்கு மேல் ஐந்து மீட்டர் உயராது. 1966-இல் அடித்த புயலுக்குப் பிறகு குடும்பம் குடும்பமாக நியூசிலாந்துக்குக் குடியேற்றினார்கள். முதல் வாக்கெடுப்புக்கு ஓராண்டு முன்பு, 2005-இல், பெர்சி என்னும் புயல் வந்து மீண்டும் சாடியது. இன்று நியூசிலாந்தில் வாழும் டோக்கெலாவு மக்கள் 8,000-க்கும் மேல். மகன் அங்கே, தாய் இங்கே. வெளியே வாழும் மகனுக்கு வாக்குரிமை கிடையாது. உள்ளே இருக்கும் தாய், "நியூசிலாந்தோடு உள்ள உறவு அறுந்துபோனால் என் பிள்ளையை எப்படிப் பார்ப்பேன்?" என்று அஞ்சினால், அதைக் குற்றம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? குடியுரிமை போகாது என்றுதான் சொன்னார்கள். ஆனால் கைமாறிக் கைமாறிப் பழகிய மக்கள், காகிதத்தை எளிதில் நம்புவார்களா?

பொருளாதாரம் எப்படி? முன்பு கொப்பரை. இப்போது முதன்மையாக நியூசிலாந்தின் உதவிப் பணம். சொந்த வருவாயில் பெரும்பங்கு, சூரை மீன் பிடிக்க வரும் அயல்நாட்டுக் கப்பல்கள் கட்டும் உரிமக் கட்டணம். நிலம் கையளவு என்றாலும் கடல் எல்லை 3 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல்! 2012-இல் மூன்று தீவுகளிலும் சூரிய ஒளி மின்சாரம் ஏற்றினார்கள். டீசல் பீப்பாய்க்குக் காத்திருந்த நிலை பெருமளவு மாறிற்று. ஆக, முடியாத மக்களல்லர் அவர்கள். வசதி கொடுத்தால் வழி காண்பவர்கள்.

நியூசிலாந்து கொடுங்கோலன் என்று நான் சொல்லவில்லை. உதவிப் பணம் தருகிறது. அதிகாரத்தைப் படிப்படியாக விட்டும் கொடுத்திருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி உண்டு. 1925 முதல் நிர்வாகம் உன்னிடம். வாக்குச் சீட்டை நீட்டிய 2006-க்குள் எண்பது ஆண்டு ஓடிற்று. அந்த எண்பது ஆண்டில் ஒரு துறைமுகம் அமைத்தாயா? பெரு நோய்க்கு ஒரு மருத்துவமனை கண்டாயா? கால் ஊன்ற இடம் அமைக்காமல் "எழுந்து நட" என்பது ஈகையாகுமா?

ஐ.நா. மன்றத்தின் தன்னாட்சி பெறாத நாடுகளின் பட்டியலில் டோக்கெலாவு இன்றும் இருக்கிறது. பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்க வேண்டும் என்பது ஆளுவோரின் அவசரம். தன் வீடு எப்போது கட்டுவது என்பதை வீட்டுக்காரன் முடிவு செய்யட்டும். தன்னுரிமை என்றால் "ஆம்" என்று சொல்லும் உரிமை மட்டுமா? "பொறு" என்று சொல்லும் உரிமையும் அதிலே அடக்கம்.

தோழர்களே! மேடையிலே உரிமை என்று முழங்குகிறோம், முழங்கத்தான் வேண்டும். ஆனால் அந்த முழக்கத்தைக் கேட்கும் தாய், "என் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் கப்பல் வருமா?" என்று கேட்பாள். அதற்கு விடை சொல்லத் தெரிந்த இயக்கமே அவள் வாக்கைப் பெறும். டோக்கெலாவில் குறைந்துபோன பதினாறு வாக்குகளும் நமக்குச் சொல்லும் பாடம் அதுதான்.