மைனஸ் 36.7 டிகிரி

பிளஸ் ஒன் மாணவர்களுக்குக் கலவை வெப்பநிலைப் பாடம் நடத்தும்போது ஒரு கணக்கைத் தவறாமல் கொடுப்பேன். 0 டிகிரியில் 200 கிராம் பனிக்கட்டி. அதில் 50 டிகிரி வெந்நீர் 100 கிராம் ஊற்றுகிறோம். கடைசியில் வெப்பநிலை எவ்வளவு? இழந்த வெப்பமும் ஏற்ற வெப்பமும் சமம் என்று எழுதி, பனிக்கட்டி உருகக் கிராமுக்கு 80 கலோரி என்பதையும் மறக்காமல் சேர்த்து, மைனஸ் 36.7 என்று விடைக்கு அடிக்கோடு போட்டுவிடுகிறார்கள். கூட்டல் கழித்தலில் பிழையே இல்லை. வெந்நீர் ஊற்றிய பனிக்கட்டி முன்பைவிடக் குளிர்ந்துபோகுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அந்த வெந்நீர் 0 டிகிரிக்கு இறங்கினாலும் கொடுக்கக்கூடியது 5,000 கலோரிதான். பனிக்கட்டி முழுவதும் உருக 16,000 வேண்டும். ஆகவே 62.5 கிராம் உருகும், மிச்சம் 137.5 கிராம் கட்டியாகவே மிதக்கும். வெப்பநிலை 0. வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருக்க, வெப்பமானியோ அசையாமல் நிற்கிறது. கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் 1760-களின் தொடக்கத்தில் ஆராய்ந்து சொன்ன இந்த அற்புதம், நம் பிள்ளைகளுக்கு 'உள்ளுறை வெப்பம்' என்ற இரண்டு மதிப்பெண் வரையறையாக மட்டும் போய்ச் சேர்கிறது.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். சூத்திரத்துக்கு ஒன்று, பிரதியிட்டதற்கு ஒன்று, விடைக்கு ஒன்று என்று நாம்தான் மதிப்பெண்ணைப் பிரித்து வைத்திருக்கிறோம். விடை நடக்கக்கூடியதா என்று யோசித்ததற்கு ஒன்றும் இல்லை.

ஆய்வகத்திலும் இதே கதை. 100 கிராம் செம்புக் கலோரிமீட்டரில் 30 டிகிரித் தண்ணீர் 100 கிராம் இருக்கிறது. 80 டிகிரி வெந்நீர் 100 கிராம் ஊற்றிக் கலக்கினால் 55 வர வேண்டும் என்று மாணவி எதிர்பார்க்கிறாள். வெப்பமானி 53 காட்டுகிறது. உடனே ரப்பரை எடுத்து அழித்து, ரெக்கார்டு நோட்டில் 55 என்று எழுதிவிடுகிறாள். அந்த இரண்டு டிகிரியில்தான் பாடமே இருக்கிறது! செம்பின் தன் வெப்பம் ஒரு டிகிரிக்குக் கிராமுக்குச் சுமார் 0.09 கலோரி, பாத்திரம் 9 கிராம் தண்ணீருக்குச் சமமாக வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. அதைச் சேர்த்தாலே 54 ஆகிவிடும். மிச்சம், ஊற்றும்போது காற்றோடு போனது. கலக்கியும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்திருக்கும்.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். அந்த நெருக்கடி எனக்கும் தெரியும். ஆனால் போட்டித் தேர்வுக் கணக்குகளில் பிள்ளைகள் சறுக்குவதும் இதே இடத்தில்தான்: பனிக்கட்டி முழுவதும் உருகியதா, பாத்திரத்தைக் கணக்கில் சேர்த்தோமா?

புதுக் கருவி எதுவும் கேட்கவில்லை. ஊற்றுவதற்கு முன்பே உத்தேச விடையை எழுத வைக்க வேண்டும். வந்த அளவு எதுவானாலும் அப்படியே பதியச் சொல்ல வேண்டும். உத்தேசத்துக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசம் எங்கே போனது என்று மாணவர் சொல்லும் காரணத்துக்குச் செய்முறைத் தேர்வில் தனி மதிப்பெண் ஒதுக்க வேண்டும். 53 என்று எழுதிக் காரணம் சொன்ன பிள்ளைக்கு, 55 என்று எழுதிய பிள்ளையைவிட அதிக மதிப்பெண் கிடைக்க வேண்டும்.