டொமைன் ஏலம்: ஜெயித்தவரை விடுங்க, தோற்றவரைக் கேளுங்க

ஒரு டொமைன் ஏலம் நல்லபடியா நடந்ததா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? செய்திகளைப் பார்த்தால் ஒரே அளவுகோல்தான். எவ்வளவுக்குப் போச்சு? இன்ன பெயர் இத்தனை லட்சம் டாலர், இன்ன பெயர் இத்தனை கோடி டாலர். அவ்வளவுதான், ஏலம் சூப்பர் ஹிட்!

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஜெயித்தவருக்குப் பெயர் கிடைத்துவிட்டது, விற்றவருக்குப் பணம் கிடைத்துவிட்டது. அவர்கள் ஏன் குறை சொல்லப் போகிறார்கள்? கேட்க வேண்டியது தோற்றவரைத்தான். "அடுத்த வாரமும் ஏலம் இருக்கு, வருவீங்களா?" என்று கேட்டால் அவர் "வருவேன்" என்று சொல்ல வேண்டும். என்னைப் பொறுத்தவரை அதுதான் வெற்றிகரமான ஏலம்.

விஷயம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. ஒரு டொமைன் பெயரை ஒரு நேரத்தில் ஒருவர்தான் வைத்திருக்க முடியும். முந்தியவருக்கே பெயர். யாரும் எடுக்காத பெயர் என்றால் வருஷத்துக்குச் சில நூறு ரூபாயிலோ ஆயிரம் சொச்சத்திலோ கிடைத்துவிடும். ஆனால் சின்னதாக, அழகாக இருக்கும் பெயர்களில் பெரும்பாலானவை எப்போதோ போய்விட்டன. அதனால் வைத்திருப்பவரிடம் வாங்க வேண்டும், அல்லது அவர் புதுப்பிக்காமல் விட்டு அது ஏலத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். தங்கம் மாதிரி கிராமுக்கு இவ்வளவு என்று இதற்கு ரேட் கிடையாது. எதிரில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதுதான் விலை.

இதைப் பொருளாதார அறிஞர்களே சொல்லிவிட்டார்கள். ஜெரமி புலோ, பால் கிளெம்பரர் என்ற இருவர் 1996-ல் எழுதிய கட்டுரையின் சாரம் இது: சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மண்டையை உடைத்துக்கொண்டு மிகச்சரியான ரிசர்வ் விலை வைப்பதைவிட, ஏலத்துக்குக் கூடுதலாக ஒரே ஒரு ஆள் வருவது விற்பவருக்கு அதிக லாபம். ஆக, தோற்கப் போகிற அந்த ஆள்தான் ஏலம் நடத்துபவரின் உண்மையான சொத்து. அவர் வராமல் போகிற காரணங்களைப் பார்ப்போம்.

முதல் காரணம், விற்கிற பொருள் விற்பவர் கையில்தான் இருக்கிறதா என்ற சந்தேகம். இதற்கு உதாரணம் செக்ஸ்.காம் (சிரிக்காதீங்க, டொமைன் சரித்திரத்தில் இந்தப் பெயரைத் தவிர்க்கவே முடியாது). 1994-ல் ஒருவர் பதிவு செய்த பெயர் அது. 1995-ல் இன்னொருவர் ஒரு போலிக் கடிதத்தைக் காட்டித் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். ஒரே ஒரு கடிதம்! கோர்ட்டுக்குப் போய் அது திரும்பக் கிடைக்க வருஷக்கணக்கில் ஆனது. டொமைன் பெயரும் ஒரு சொத்துதான் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003-ல் சொன்னது இந்த வழக்கில்தான்.

அதே பெயர் 2010 மார்ச்சில் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. கலந்துகொள்ளவே 10 லட்சம் டாலருக்கு காசோலை காட்ட வேண்டும் என்று நிபந்தனை. கடைசி நேரத்தில் கடன் கொடுத்தவர்கள் திவால் மனு போட, ஏலம் நின்றுபோனது. அந்த வருஷக் கடைசியில் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு அது விற்றது வேறு கதை.

காமர்ஸ் மக்களுக்கு இங்கே ஒரு பழைய நண்பர் ஞாபகம் வருவார். ஹாரிஸ் எதிர் நிக்கர்சன், 1873! ஏல விளம்பரத்தை நம்பி லண்டனிலிருந்து போனவர், சாமான்களை ஏலத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று கேஸ் போட்டுத் தோற்றாரே, அவரேதான். விளம்பரம் செய்வது ஒப்பந்த முனைவு ஆகாது, அதனால் நஷ்டஈடு இல்லை. பரீட்சைக்கு இந்த விடை போதும். ஆனால் அந்த ஹாரிஸ் அடுத்த ஏலத்துக்குப் போயிருப்பாரா? சட்டம் விட்டுவிட்டாலும் வாடிக்கையாளர் விடமாட்டார்.

இரண்டாவது, ஏலம் எப்படி முடிகிறது என்பது. நேரில் நடக்கும் ஏலத்தில் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று இழுக்கும்போது கை தூக்க நேரம் கிடைக்கிறது. கம்ப்யூட்டர் கடிகாரம் அப்படி இழுக்காது. ஈபேயில் குறித்த நேரத்தில் ஏலம் டக்கென்று முடிந்துவிடும். அமேசான் முன்பு நடத்திய ஏலங்களில் வேறு விதி. 10 நிமிஷம் யாரும் கேட்காமல் இருந்தால்தான் ஏலம் முடியும். ஆல்வின் ராத்தும் (2012-ல் பொருளாதார நோபல் வாங்கியவர்) ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸும் இரண்டையும் ஒப்பிட்டு 2002-ல் எழுதினார்கள். கடைசி நொடியில் பாய்கிற பழக்கம் ஈபேயில்தான் ரொம்ப அதிகம் என்று தெரிந்தது.

கடைசி நொடியில் தோற்றவர் என்ன நினைப்பார்? "இன்னும் 2 நிமிஷம் கொடுத்திருந்தால் 100 டாலர் சேர்த்துக் கேட்டிருப்பேனே!" அவருக்கும் வருத்தம், விற்பவருக்கும் நஷ்டம். அதனால், முடியப் போகிற நேரத்தில் யாராவது கேட்டால் சில நிமிஷம் நீட்டிக்கும் விதிதான் டொமைனுக்குச் சரி. நெட் மெதுவாக இருப்பவரும் அப்போதுதான் சமமாக ஆட முடியும்.

மூன்றாவதுதான் மிகப் பெரியது: எதிரில் கேட்பது நிஜ ஆளா? ஸ்னாப்நேம்ஸ் என்ற பெரிய டொமைன் ஏல நிறுவனம் 2009 நவம்பரில் ஒரு குண்டைப் போட்டது. அவர்களுடைய ஊழியர் ஒருவரே 2005-லிருந்து பொய்ப் பெயரில் கணக்கு வைத்து ஏலம் கேட்டு வந்திருக்கிறார். சுமார் 5 சதவீத ஏலங்களில் அவர் கை இருந்தது. சில சமயம் அவரே ஜெயித்து, பணத்தில் ஒரு பகுதியைச் சத்தமில்லாமல் திரும்பவும் எடுத்துக்கொண்டாராம். பாதிக்கப்பட்டவர்களுக்கு அதிகமாகக் கட்டிய தொகையை 5.22 சதவீத வட்டியோடு தருவதாக நிறுவனம் அறிவித்தது.

"5 சதவீதம்தானே, அதுவும் வட்டியோடு கொடுத்தாச்சே" என்று வாதாடலாம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜெயித்தவருக்குக் கணக்குப் போட்டுப் பணம் கொடுக்கலாம். அந்தப் பொய் ஆளிடம் தோற்றுப்போய், ஆசைப்பட்ட பெயரை விட்டுவிட்டுப் போனவருக்கு எந்த வட்டியைக் கொடுப்பது? மிச்ச 95 சதவீத ஏலங்களில் கலந்துகொண்டவர்களும் "நம்முடையதிலும் இருந்திருக்குமோ" என்று யோசிப்பார்களா இல்லையா?

இதில் நம் சட்டம் தெளிவு. 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம், 64-வது பிரிவு. முன்கூட்டி அறிவிக்காமல் விற்பவரே ஏலம் கேட்பதும், ஆள் வைத்துக் கேட்பதும் கூடாது. பொய்க் கேள்வியால் விலையை ஏற்றினால், வாங்கியவர் நினைத்தால் அந்த விற்பனையையே ரத்து செய்யலாம். டொமைன் "சரக்கு" ஆகுமா என்று வக்கீல்கள் சண்டை போடட்டும். அந்த நியாயம் ஆன்லைனுக்கும் அப்படியே பொருந்தும். சொல்லப்போனால் ஆன்லைனில்தான் அது இன்னும் தேவை. நேரில் ஆள் வைத்தால் முகமாவது தெரியும். இங்கே புனைப்பெயர்தானே தெரிகிறது!

அதற்காக எல்லோருடைய பெயரையும் ஊரறியப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெரிய கம்பெனி கேட்கிறது என்று தெரிந்தாலே விலை எகிறிவிடும். மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், நடத்துபவருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு நடத்திய ஏலங்களே இதற்குப் பாடம். ஒரே டொமைன் பின்னொட்டுக்குப் பலர் விண்ணப்பித்து சமரசம் ஆகாவிட்டால், ஆன்லைனில் சுற்றுச் சுற்றாக விலை ஏற்றி ஏலம் விட்டார்கள். ஜெயித்தவர், கடைசியாக விலகியவர் நின்ற விலையைக் கொடுத்தால் போதும். 2015-ல் கூகுள் 2,50,01,000 டாலருக்கு .ஆப் எடுத்தது இப்படித்தான். 2016-ல் .வெப் 13.5 கோடி டாலருக்குப் போனது. ஏலம் முடிந்த பிறகுதான், ஜெயித்த கம்பெனிக்குப் பின்னால் பணம் போட்டது .காம் நடத்துகிற வெரிசைன் என்று வெளியே வந்தது. தோற்ற அஃபிலியாஸ் விடுமா? 2021-ல் நடுவர் குழு, இந்தப் புகாரைத் தீர்க்காமல் விட்டதால் ஐகேன் தன் சொந்த விதிகளையே மீறியது என்று சொன்னது. விலையில் சாதனை, ஆனால் 5 வருஷம் கழித்தும் தகராறு. இதை வெற்றி என்பீர்களா?

ஆகவே டொமைன் ஏலம் நடத்த ஆசைப்படுபவர்களுக்கு என் சிற்றறிவுக்கு எட்டியது இதுதான். பெயர் விற்பவருடையதுதானா என்று முதலில் பாருங்கள். குறைந்த பெயர்களாக, நியாயமான ஆரம்ப விலையில் வையுங்கள். முடியும் விதியை முன்பே சொல்லுங்கள். உங்கள் ஊழியர் யாரும் கேட்கக் கூடாது, மற்றவர்கள் முன்கூட்டிப் போட்டு வைத்த அதிகபட்ச விலையைப் பார்க்கவும் கூடாது. பணம் நடுவர் கணக்கில் இருக்கட்டும், பெயர் கை மாறிய பிறகு விற்பவருக்குப் போகட்டும். கடைசியாக, யார் எப்போது எவ்வளவு கேட்டார்கள் என்ற பட்டியலை, புனைப்பெயரோடாவது, தோற்றவருக்கும் காட்டுங்கள்.

இதையெல்லாம் செய்தால் முதல் ஏலத்தில் விலை கொஞ்சம் குறையலாம். குறையட்டுமே. பத்தாவது ஏலத்துக்கும் ஆள் வர வேண்டாமா? உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் சொல்லுங்கள், சண்டை போடுவோம் :)