நீர்க்கடுப்புக்கு இளநீர் போதுமா?

“உடம்புச் சூடுதான். இளநீர் குடி, வாழைத்தண்டுச் சாறு குடி, இரண்டு நாளில் சரியாகிவிடும். ஆன்டிபயாடிக் பக்கமே போகாதே.” வீட்டுப் பெரியவர்கள் முதல் யூடியூப் வைத்தியர்கள் வரை இதையேதான் சொல்கிறார்கள். ஆறு மாதத்தில் இரண்டு முறையோ ஆண்டுக்கு மூன்று முறையோ நீர்க்கடுப்பு வந்து, மாத்திரை தின்றே சலித்துப்போன பெண்ணுக்கு இது ஆறுதலாகத்தான் இருக்கும்.

சூட்டிலிருந்தே தொடங்குவோம். நீர்க்கடுப்பைத் தரும் பெரும்பாலான சிறுநீர்த் தொற்றுக்குக் காரணம் சூடு அல்ல, நம் குடலிலேயே குடியிருக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா. பெண்களின் சிறுநீர்க் குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான்; கிருமி சுலபமாக ஏறிவிடும். கோடையில் கடுப்பு கூடுவதாகச் சொல்வதில் உண்மை இருந்தால், அதற்குக் காரணம் தண்ணீர் குறைவதுதான். அடிக்கடி சிறுநீர் கழித்தால் கிருமி அடித்துச் செல்லப்படும். அடக்கினால் உள்ளேயே பெருகும்.

பல்கேரியாவில் குறைவாகத் தண்ணீர் குடிக்கும், தொற்று திரும்பத் திரும்ப வரும் 140 பெண்களிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது; மற்றவர்களுக்கு 3.2 முறை. குடித்தது வெறும் தண்ணீர். வாழைத்தண்டுக்குப் போகும் பெருமையில் பெரும்பங்கு தண்ணீருக்குச் சேர வேண்டியது. ஆனால் நாள் முழுக்க ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணிடம் ‘நிறையத் தண்ணீர் குடி’ என்று சொல்வது எளிது, செய்வது கடினம். தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று 2021இல்தான் சட்டமே வந்தது. கழிப்பறைக்குப் போக முடியாதவள் தண்ணீரைத்தான் குறைப்பாள்.

‘ஆன்டிபயாடிக்கே வேண்டாம்’ என்பதில் பாதி உண்மை உண்டு. ஜெர்மனியில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், சிக்கலில்லாத தொற்றுக்கு ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை மட்டும் எடுத்த பெண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆன்டிபயாடிக் இல்லாமலே தேறினார்கள். ஆனால் சிறுநீரகம் வரை தொற்று ஏறியவர்களும் ஐபுப்ரோஃபென் பிரிவில்தான் அதிகம். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவலி, வாந்தி இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கர்ப்பிணிகளும் சர்க்கரை உள்ளவர்களும் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தவே கூடாது.

கிரான்பெர்ரி? திரும்ப வருவதை ஓரளவு குறைக்கும், வந்ததைப் போக்காது. இதற்கென்றே விற்கும் டி-மானோஸ் பவுடரோ, தொற்று திரும்ப வருவதைத் தடுப்பதில், பிரிட்டனில் 2024இல் வெளியான பெரிய ஆய்வில் தோற்றுப்போனது.

இதையெல்லாம்விட வலுவான மாற்று ஒன்று இருக்கிறது; அதைப் பற்றி யாரும் வீடியோ போடுவதில்லை. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, பிறப்புறுப்பில் காவல் காக்கும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா அழிகிறது. அங்கே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் அதை மீட்கிறது. 1993இல் வெளியான ஆய்வில் கிரீம் பயன்படுத்தியவர்களுக்கு ஆண்டுக்கு 0.5 முறை தொற்று வந்தது, மற்றவர்களுக்கு 5.9 முறை. கூச்சத்தால் இதைக் கேட்காமலே மூதாட்டிகள் பலர் அவதிப்படுகிறார்கள். மெத்தனமின் ஹிப்புரேட் என்ற, ஆன்டிபயாடிக் அல்லாத மாத்திரையும் உண்டு. தினசரி ஆன்டிபயாடிக்குக்கு அது பெரிதாகச் சளைத்ததல்ல என்று 2022இல் பிரிட்டன் ஆய்வு காட்டியது.

இவை எல்லாம் தொற்று வராமல் தடுக்க. வந்துவிட்டால், போன முறை மிச்சமான மாத்திரையை விழுங்காமல், முதலில் யூரின் கல்ச்சர் கொடுங்கள். எந்த மருந்து கேட்கும் என்பதை அந்த ரிப்போர்ட் சொல்லும்.