இயங்கினால் மட்டும் போதுமா?

பள்ளிக் கண்காட்சிகளில் மாணவர்கள் செய்த மின்னணுக் கருவிகள் நம்மை வியக்க வைக்கின்றன. மண் காய்ந்தால் தானாகவே செடிக்கு நீர் ஊற்றும் கருவி அவற்றுள் ஒன்று. பார்ப்பவர்கள், "இதை விற்கலாமே!" என்று பாராட்டுவதுண்டு. எனினும், கண்காட்சி முடிந்ததும் இத்தகைய கருவிகள் பல அலமாரியில் முடங்கிவிடுகின்றன. மேசைமீது இயங்கும் கருவி வேறு. கடையில் விற்கத்தக்க பொருள் வேறு. இந்த வேறுபாட்டை மாணவர்கள் பள்ளியிலேயே உணர வேண்டும் என்பது என் கருத்து.

ஆப்பிள் நிறுவனத்தின் தொடக்கக்கால வரலாறு இதற்கு நல்ல சான்று. ஸ்டீவ் வாஸ்னியாக் ஆர்வத்தால் வடிவமைத்த 'ஆப்பிள் 1' கணினி 1976ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அது வெறும் மின்சுற்றுப் பலகையே. பெட்டி, விசைப்பலகை போன்றவற்றை வாங்கியவரே தேடிப் பொருத்த வேண்டும். மின்னணு ஆர்வலர்களால் அது முடிந்தது, மற்றவர்களால் முடியவில்லை. ஏறத்தாழ 200 கணினிகளே தயாராயின. அடுத்த ஆண்டு வந்த 'ஆப்பிள் 2', விசைப்பலகையோடு கூடிய பெட்டிக்குள் முழுமையாக அமைந்திருந்தது, வண்ணப்படங்களையும் காட்டியது. மின்னணுவியல் அறியாத குடும்பங்களும் பள்ளிகளும் அதை விரும்பி வாங்கின.

இனி, செடிக்கு நீர் ஊற்றும் கருவியைப் பார்ப்போம். பற்றவைக்காமல் செருகிய கம்பிகள் சிறு அசைவிலும் கழன்றுவிடும். ஈர மண்ணில் இருக்கும் உணர்கருவியின் உலோக முனைகள் நாளடைவில் அரித்துப்போகும். அப்போது, ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்றதுபோல, வாங்கியவரைக் குறை கூறலாமா? மேலும், வீட்டு மின்சாரத்தில் செருகும் அடாப்டரைச் சிங்கப்பூரில் விற்க, அதில் பாதுகாப்புச் சின்னம் இருக்க வேண்டும். பாகங்களின் விலையோடு பெட்டி, சோதனை, பழுதுபார்ப்பு ஆகியவற்றின் செலவையும் கணக்கிட வேண்டும்.

இப்படியெல்லாம் எண்ணினால் பொழுதுபோக்கின் இன்பம் போய்விடும் என்று சிலர் கூறலாம். நமக்காகச் செய்யும்வரை அது சரியே. ஆனால், பிறரிடம் பணம் பெறும்போது பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.

எனவே, கண்காட்சி நாளில் கருவி இயங்கியதற்கு மட்டும் மதிப்பெண் வழங்குவது போதாது. மாணவர் அதை அண்டை வீட்டாரிடம் ஒரு மாதம் கொடுத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். அவர்கள் எங்கே தடுமாறினார்கள், எது பழுதானது என்று கேட்டறிந்து கருவியைத் திருத்த வேண்டும். செய்தவர் அருகில் இல்லாதபோதும் இயங்கும் கருவியே விற்பனைக்குத் தகுதியானது.