பென்டிரைவ் மீனும் கேபிள் கிரிக்கெட்டும்

சிவகாசியில் ஏதாவது ஒரு அச்சகத்துக்குப் போய், வாட்ஸப்பில் வந்த கல்யாண போட்டோவைக் கொடுத்து, "இதைப் பெரிய போஸ்டரா அடிச்சுக் குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். மிஷின் வரைக்கும் போகவே வேண்டாம், கம்ப்யூட்டரில் டிசைன் பண்ணும் பையனே சொல்லிவிடுவான்: "அண்ணே, இதை இழுத்தா உடைஞ்சிரும். ஒரிஜினல் இருந்தா குடுங்க." ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியிடுகிற ஊர். மூலப்படத்தில் இல்லாததைத் தாளில் கொண்டுவர முடியாது என்பது அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

அதே ஊரில்தான் தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு 55 இன்ச் 4கே டிவி வாங்கி, அதில் பழைய எஸ்.டி. கேபிள் பெட்டியைச் சொருகி, ஐ.பி.எல். பார்த்துவிட்டு "டிவி சரியில்லை" என்று தலையில் கைவைத்து உட்காருகிறார்கள். மெக்கானிக் வருகிறார், பார்க்கிறார், விசிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு போகிறார். டிவிக்கு ஒன்றும் இல்லை. கோளாறு அதை விற்ற விதத்தில் இருக்கிறது.

கொஞ்சம் கணக்கு. எஸ்.டி. படம் என்பது 720-க்கு 576 புள்ளிகள். பெருக்கினால் 4,14,720. 4கே திரை 3840-க்கு 2160, அதாவது 82,94,400. மிகச் சரியாக 20 மடங்கு! வருவது ஒரு புள்ளி, மீதி 19 புள்ளிகளை டிவி தானே அக்கம்பக்கம் பார்த்து யூகித்து நிரப்புகிறது. செய்தி வாசிப்பவர் ஆடாமல் உட்கார்ந்திருப்பதால் அவர் முகத்துக்கு இந்த யூகம் ஓரளவு ஒத்துவரும். கிரிக்கெட்டில் பந்து பறக்கிறது, கேமரா அதன் பின்னாலேயே ஓடுகிறது, பின்னணியில் ஆயிரக்கணக்கான தலைகள். ஒளிபரப்பில் ஒவ்வொரு படத்தையும் முழுசாக அனுப்புவதில்லை. முந்தின படத்துக்கும் இதற்கும் என்ன மாறியது என்பதை மட்டும் சுருக்கி அனுப்புகிறார்கள். எல்லாமே மாறினால் சுருக்கியது போதாமல் படம் கட்டம் கட்டமாக உடையும். இதில் பெரிய வேடிக்கை, கோப்பை கொடுக்கும்போது விடுகிற வாணவேடிக்கைதான். பொறியும் புகையும் நொடிக்கு நொடி மாறுவதால் சுருக்குவதற்கு அதைப்போல் சிரமமான காட்சி குறைவு. நாட்டின் பட்டாசில் பெரும்பங்கைச் செய்கிறவர்கள் வீட்டு டிவியில், பட்டாசு சதுரம் சதுரமாக வெடிக்கிறது!

கேபிள்காரரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அரசு கேபிள் 2011-ல் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது, 2017-ல் டிஜிட்டல் பெட்டிக்கு மாறியது. கொடுக்கிற காசுக்கு அது ஒழுங்காகத்தான் படம் காட்டுகிறது. எச்.டி. வேண்டுமென்றால் அதற்கான பெட்டி வேண்டும், எச்.டி. சேனலுக்குத் தனிக் காசும் கட்ட வேண்டும். தமிழ் வர்ணனைக்காக 2017-ல் வந்த ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழுக்கே எச்.டி. பதிப்பு 2023-ல்தான் கிடைத்தது. அந்த எச்.டி.யும் 4கே திரையின் புள்ளிகளில் கால்வாசிதான். 4கே கிரிக்கெட் நாட்டுக்குப் புதுசு இல்லை. 2015 உலகக் கோப்பையின்போதே சில டி.டி.எச். நிறுவனங்கள் 4கே பெட்டி விற்றன. 2023 ஐ.பி.எல்.லை ஜியோசினிமா இணையத்தில் 4கே-யில் காட்டியது. ஆனால் சாத்தூர் பக்கம் கேபிள் வயரில் வருவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இதைக் கடையில் யாராவது சொல்கிறார்களா? அங்கே சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் பென்டிரைவில் போட்ட ஒரே வீடியோ: கடலுக்கடியில் மீன், பனித்துளியோடு ஒரு பூ, வெளிநாட்டு நகரத்தில் இரவு விளக்கு. கடை வெளிச்சத்துக்குத் தோதாக டிவியை 'விவிட்' மோடில் வேறு வைத்திருப்பார்கள். "அண்ணாச்சி, கேபிள்ல மேட்ச் எப்படித் தெரியும்?" என்று கேட்டால், "அண்ணே, இது 4கேண்ணே, சூப்பரா தெரியும்" என்று பதில் வரும். கேட்டது ஒன்று, சொல்வது வேறொன்று.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறான விளம்பரத்தின் இலக்கணத்தில் சேர்த்திருக்கிறது. பி.காம். படிக்கிறவர்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற வரிதான். கேபிளில் எஸ்.டி. பார்க்கும் வீட்டுக்கு 4கே விற்கும்போது, 'உங்கள் கனெக்ஷனில் இது தெரியாது' என்பதைவிட முக்கியமான தகவல் என்ன இருக்கிறது?

"வருங்காலத்துக்கு இருக்கட்டும்" என்பது விற்பவர்களின் வழக்கமான சமாதானம். யாருடைய வருங்காலம்? 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்குத் தடை போட்டதும் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. வேலை நின்றாலும் தவணை நிற்காது. (வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அது தனிப் பதிவுக்கான விஷயம்.) 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமானது நல்ல செய்திதான். ஆனால் மிச்சமாகும் பணத்துக்கு இன்னும் பெரிய டிவியாக வாங்கினால் எஸ்.டி. படம் இன்னும் மோசமாகத்தான் தெரியும். பத்துக்குப் பத்து அறையில் கேபிள் மட்டும் பார்க்கிற வீட்டுக்கு 32 இன்ச்சே தாராளம்.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யலாம். மீனை நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கிற அதே கேபிள் இணைப்பைப் போட்டு, ஓடுகிற ஒரு மேட்சைக் காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் அடுத்த கடை நாலு எட்டில் இருக்கிறது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் டிவியின் பின்பக்கம் பார்க்க வேண்டும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை வயர் போட்டிருந்தால் எச்.டி. பெட்டியே இருந்தாலும் எச்.டி. வராது. எச்.டி.எம்.ஐ. வயர் போட வேண்டும். தங்க முலாம் பூசியது தேவையில்லை, நல்லதாக ஒன்று போதும். பிறகு பெட்டியின் செட்டிங்கில் 1080 தேர்வாகி இருக்கிறதா, பார்க்கிற சேனல் எச்.டி. எண்தானா என்று பார்க்க வேண்டும். எச்.டி.க்குக் காசு கட்டிவிட்டுப் பழைய எண்ணிலேயே எஸ்.டி. பார்க்கிற வீடுகளும் உண்டு.

டிவியில் 'விவிட்' மோடை மாற்றி 'ஸ்டாண்டர்டு' அல்லது 'சினிமா' வையுங்கள். ஷார்ப்னஸைக் குறையுங்கள். அது விவரத்தைக் கூட்டாது, கட்டங்களின் ஓரத்தைத்தான் தடித்துக் காட்டும். பந்துக்குப் பின்னால் வால் முளைத்தாலோ பேட் இரண்டாகத் தெரிந்தாலோ, அது டிவி நடுநடுவே தானாகப் படம் செய்து சொருகுவதால் இருக்கலாம். எல்.ஜி.யில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று கம்பெனிக்கு ஒரு பெயர். அதை அணைத்துப் பாருங்கள்.

ஆப்பில் பார்ப்பவர்கள், கட்டிய திட்டத்தில் 4கே உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும், மலிவான திட்டங்களில் பெரும்பாலும் இருக்காது. வைஃபைக்குப் பதில் மோடத்திலிருந்து நேராக வயர் இழுத்தால் கடைசி ஓவரில் படம் மங்குவது குறையும். இவ்வளவும் செய்து எஸ்.டி. கேபிளோடுதான் இருக்கப் போகிறீர்கள் என்றால், நாற்காலியை மூன்றடி பின்னால் தள்ளிப் போடுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கட்டம் தெரியாது.