இந்த ஆய்வால் நமக்கு என்ன பயன்?

அடிப்படை அறிவியல் ஆராய்ச்சியைப் பற்றி நோயாளிகளின் குடும்பத்தாரிடம் பேசத் தொடங்கினால், பெரும்பாலும் ஒரே கேள்விதான் எழுகிறது: "இதனால் எங்கள் வீட்டு நோயாளிக்கு என்ன பயன்?" இதை அறியாமையால் எழும் கேள்வி என்று ஒதுக்குவது தவறு. நோயுற்றவருக்கும் அவரைப் பேணுபவருக்கும் காலத்தைவிட அரிய பொருள் வேறில்லை. ஆகவே அவர்களுக்கு நேர்மையான விடை கிடைக்க வேண்டும். அவ்விடையைத் தேடுவதற்கு ஓர் அறிவியலாளரின் பணியையும் வாழ்வையும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

அவர் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த ராண்டி ஷெக்மன். உயிரணுக்களை ஆராய்பவர். 1970-களின் பிற்பகுதியில் அவர் ஆய்வுக்குத் தேர்ந்தது மனித உடலையன்று. ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்டை. அவர் எழுப்பிய வினா இதுதான்: உயிரணுவுக்குள் உருவாகும் புரதம், தான் சேர வேண்டிய இடத்தை எவ்வாறு சென்றடைகிறது?

உயிரணுவின் உட்புறம் மெல்லிய சவ்வுகளால் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வெளியே செல்ல வேண்டிய புரதம் ஓர் அறையில் உருவாகி, இன்னோர் அறையில் செப்பமுற்று, இறுதியில் புறச்சவ்வை அடைகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சவ்விலிருந்து மிகச் சிறிய பை ஒன்று பிரிந்து, புரதத்தைச் சுமந்து சென்று, அடுத்த சவ்வோடு இணைகிறது. கணையத்தில் உண்டாகும் இன்சுலின் இரத்தத்தில் கலப்பது இவ்வழியில்தான். ஒரு நரம்பணு மற்றொன்றுக்கு அனுப்பும் வேதிப்பொருளும் இத்தகைய நுண்பைகளிலேயே காத்திருக்கிறது. இப்பாதையை மின்னணு நுண்ணோக்கியால் கண்டறிந்த ஜார்ஜ் பலாடே 1974-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆயினும் இப்போக்குவரத்தை எந்த மரபணுக்கள் நடத்துகின்றன என்பது அப்போது விளங்கவில்லை.

ஷெக்மனும் அவருடைய மாணவர் பீட்டர் நோவிக்கும் ஓர் எளிய வழியைக் கையாண்டனர். இயல்பான வெப்பநிலையில் நலமாக வளர்ந்து, 37 பாகை செல்சியசில் மட்டும் இப்போக்குவரத்து நின்றுபோகும் ஈஸ்ட் வகைகளைத் தேடினர். வழி அடைபட்ட உயிரணு புரதத்தைத் தொடர்ந்து உருவாக்கும். ஆனால் வளர இயலாது. அதனால் அதன் அடர்த்தி கூடும். அடர்ந்தவற்றைப் பிரித்தெடுத்து நோக்கியபோது, வெளியேற இயலாத நுண்பைகள் உள்ளே குவிந்து கிடந்தன. முதல் முடிவு 1979-இல் வெளிவந்தது. மறு ஆண்டிலேயே இப்பணிக்குத் தேவையான 23 மரபணுக்களை அவர்கள் இனங்கண்டனர். விலங்குகளின் உயிரணுக்களில் இதே வினாவைத் தனியே ஆராய்ந்துவந்த ஜேம்ஸ் ராத்மனின் புரதங்கள் சில, ஷெக்மனின் ஈஸ்ட் மரபணுக்களோடு பின்னர் பொருந்தின. ஈஸ்டும் மனிதனும் இவ்வகையில் நெருங்கிய உறவினர் என்பது உறுதியாயிற்று. 2013-இல் இவ்விருவரும் தாமஸ் சுதோஃபும் மருத்துவத்திற்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இப்போது முதற்கேள்விக்கு வருவோம். பயன் என்ன? ஈஸ்ட் புரதத்தை வெளியேற்றும் திறன் இன்று மருந்துத் தொழிலின் கருவி. உலகில் நீரிழிவு நோயாளிகள் செலுத்திக்கொள்ளும் இன்சுலினின் ஒரு பகுதி ஈஸ்டிலிருந்தே பெறப்படுகிறது. இது கைக்கு வந்த பயன்.

கைக்கு வராத பயனும் உண்டு. அதையும் மறைக்காமல் கூற வேண்டும். அந்த 23 மரபணுக்களுள் நான்காம் எண் பெற்றது, ராப் என்னும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது எனப் பின்னர் தெரிந்தது. நுண்பைகள் உரிய இடம் சேர உதவுவது இக்குடும்பம். பரம்பரையாக வரும் பார்க்கின்சன் நோய்க்குக் காரணமாகும் மரபணுக்களுள் ஒன்றான எல்.ஆர்.ஆர்.கே.2, இந்த ராப் புரதங்கள் மீதே செயற்படுகிறது என்பது 2016-இல் வெளிப்பட்டது. அதன் மிகைச் செயலைத் தடுக்கும் மருந்துகள் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன. ஆயினும் பார்க்கின்சன் நோயின் போக்கையே நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. இப்போதுள்ள மருந்துகள் நடுக்கத்தையும் விறைப்பையும் குறைக்கின்றன, நோயை நீக்குவதில்லை.

இந்த இடைவெளியின் வலியை ஷெக்மன் நூல்களில் படித்து அறிந்தவரல்லர். அவருடைய மனைவி பல ஆண்டுகள் பார்க்கின்சன் நோயால் துன்புற்று 2017-இல் மறைந்தார். உயிரணுவின் பாதைகளை உலகிற்குக் காட்டியவர், தம் இல்லத்தில் நம்மில் பலரைப் போலவே ஒரு பராமரிப்பாளராக இருந்தார். அவருடைய தாயும் சகோதரியும் புற்றுநோய்க்கு இரையானவர்கள். நோபெல் பரிசில் தமக்குக் கிடைத்த பங்கை அவர் அவ்விருவர் பெயரால் பெர்க்லியில் ஓர் ஆய்வுப் பேராசிரியர் பதவிக்கு அளித்தார். அப்பதவி புற்றுநோயின் அடிப்படை உயிரியலுக்கானது. மனைவியின் மறைவுக்குப் பின் பார்க்கின்சன் நோயின் வேர்களை ஆராயும் பன்னாட்டுக் கூட்டு முயற்சி ஒன்றின் அறிவியல் பொறுப்பையும் ஏற்றார். அதில் பங்குபெறும் ஆய்வாளர்கள் தம் முடிவுகளைத் தாமதமின்றிப் பிறரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது விதி.

இழப்பின் துயரை அறிந்த ஒருவர், உடனடித் தீர்வு தருவதாகச் சொல்பவர்களை நாடாமல் அடிப்படை ஆய்வின் பக்கம் நின்றார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நோயை முழுமையாக நீக்கிவிடுவோம் என்று விளம்பரம் செய்து, சோதித்து நிறுவப்படாத சிகிச்சைகளுக்குப் பெரும் பணம் பெறுவோர் இருக்கிறார்கள். நகையை அடகு வைத்தேனும் அங்குச் செல்லத் துடிக்கும் மனத்தை நாம் அறிவோம்; அதைக் குறைகூற மாட்டோம். செல்லும் முன் உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை பேசுங்கள் என்று மட்டும் வேண்டுகிறோம். "இன்னும் மருந்து இல்லை" என்னும் சொல் கேட்பதற்குக் கடியது. ஆனால் பொய்யான வாக்குறுதியைவிட அது நோயாளியை மதிக்கும் சொல்.

ஆய்வுக்காக உங்கள் இரத்தத்தையோ அறுவைக்குப் பின் எஞ்சிய திசுவையோ தர இயலுமா என்று எங்கேனும் கேட்கப்பட்டால், உடனே மறுத்துவிடவும் வேண்டா. கேளாமல் கையெழுத்திடவும் வேண்டா. எதற்காக ஆய்வு, என் விவரங்களை யார் காண்பார்கள், பின்னர் விலகிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். மறுத்தாலும் உங்கள் சிகிச்சையில் எக்குறையும் நேரக் கூடாது. அது உங்கள் உரிமை.

ஆகவே எம் விடை இதுதான். இந்த ஆய்வு இன்று உங்கள் வீட்டு நோயாளியைக் குணப்படுத்தாமற் போகலாம். ஆனால் இன்று நாம் பெறும் மருந்துகள் பலவற்றின் பின்னே, தமக்குப் பயன் தருமா என்று அறியாமலே உதவிய நேற்றைய நோயாளிகளும், நோயின் பெயரைக்கூடக் குறிப்பிடாத ஆய்வுகளும் உள்ளன. அக்கடனை நாம் அவர்களுக்குத் திருப்பித் தர இயலாது. நாளை இக்கூடத்தில் வந்து அமரப்போகிறவர்களுக்குத் தரலாம்.