கிரிப் அறிக்கையில் ஏறும் பிழைகள்

“கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டதாம்” என்பது எமது ஊர்களில் பழகிப்போன கவலை. ஆனால் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான கடன் தகவல் பணியகத்திடம் கறுப்புப் பட்டியல் எதுவும் இல்லை. வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் அனுப்பும் விபரங்களை அது பதிகிறது. ஒழுங்காகக் கட்டியதும் அதில் இருக்கும், தவறியதும் இருக்கும். கடன் தருவதா என்பது வங்கியின் முடிவு.

ஆசிரியர் அறையில் பிணைக் கையெழுத்துக் கேட்டால் மறுப்பவர் குறைவு. நானும் போட்டேன். நண்பர் கடனை முடித்துப் பல மாதங்களாகியும் என் அறிக்கையில் அது நிலுவையாகவே கிடந்தது. இஸ்லாமிய வங்கிப் பிரிவொன்றில் வீட்டு வசதிக்குப் போனபோதுதான் தெரிந்தது. (முராபஹா, இஜாரா என்றால் கிரிப்புக்குப் போகாது என்று நினைப்பவர்களும் உள்ளனர். போகும்.)

பணியகம் தானாக எதையும் மாற்றாது. தகவல் அனுப்பிய நிறுவனமே திருத்தி அனுப்ப வேண்டும். எனவே கட்டணம் செலுத்தி அறிக்கையைப் பெற்று, கடன் தீர்ந்த கடிதத்தை இணைத்து, எழுத்தில் முறையிடுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வாயால் சொன்னால் “பார்க்கிறோம் சேர்” என்பதோடு சரி. கடனை எழுதச் சொல்லும் அல்பகராவின் 282ஆம் வசனத்தை ஓதுகிற நாம், தீர்த்த கடனுக்குக் கடிதம் கேட்கக் கூச்சப்படுகிறோம். என் நண்பரிடமும் அது இருக்கவில்லை.